செவியும் சில்லும்: எம்.பி.3 உரிமங்களின் அரசியற் பொருளாதாரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

ஒலியைப் பதிந்து மீட்டுத் தரும் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் இரு வகையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு சாரார் அதனைக் கண்டுபிடிப்பாளர்களின் வாழ்க்கைச் சரிதமாகக் காண்பர். எடிசனில் தொடங்கி, ஒரு மேதையின் கையிலிருந்த விளக்கை அடுத்த மேதை வாங்கிக்கொண்ட கதையாக அது அமைந்துவிடுகின்றது. மற்றொரு சாரார், குறிப்பாக 1999க்குப் பின் எழுதியோர், இசைத்தட்டுக் கம்பனிகளின் பிடியிலிருந்து இசை விடுபட்ட கதையாக அதனை எழுதினர். இரு சாராரிடத்தும் பொதுவானதொரு மௌனம் உண்டு. முன்னவர் சொத்துடைமை பற்றிய வினாவையே எழுப்புவதில்லை. பின்னவர் பாடலின் உடைமை பற்றி மாத்திரம் பேசி, பாடலைச் சுமந்து செல்லும் முறையின் உடைமையை மறந்துவிடுகின்றனர்.

அம்மௌனத்தையே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம். எடுத்துக்கொள்ளும் பொருள் மிகச் சிறியது. 2000ஆம் ஆண்டையொட்டி வெளியிடப்பட்ட கட்டண அட்டவணையொன்றின்படி, எம்.பி.3 முறையிற் சுருக்கப்பட்ட ஒலியை மீட்டுத் தரவல்ல கருவி ஒவ்வொன்றுக்கும் அதன் உற்பத்தியாளர் அமெரிக்க நாணயத்தில் 75 சதம் உரிமைப்பணம் செலுத்தவேண்டியிருந்தது. பாடியவருக்கோ இசையமைத்தவருக்கோ அப்பணம் செல்லவில்லை. சில்லை வார்த்த ஆலைக்கும் செல்லவில்லை. கருவியைப் பூட்டிய தொழிலாளியின் கூலியிலும் அது சேரவில்லை. அவ்வாறெனின் எழுபத்தைந்து சதமும் யாருக்கு, எதன் பொருட்டுச் செலுத்தப்பட்டது?

இலக்கிய மாணவர்களாகிய நாம் இலத்திரனியற் சில்லுகள் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகலாம். ஆயின், தமிழ் உரைநடையின் வளர்ச்சியைப் பேசும் எவரும் பிரித்தானிய இந்தியாவில் 1835இல் அச்சகங்கள் மீதான உரிமக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டதைக் குறிப்பிடாது விடுவதில்லை. ஆக்கங்களைப் பெருக்கும் சாதனம் எவர் கையிலிருந்தது, எந்நிபந்தனையின் பேரில் இருந்தது என்பது இலக்கிய வரலாற்றின் வினாவே. அவ்வினாவை அச்சு இயந்திரத்தோடு நிறுத்திக்கொள்வதற்கு நியாயம் எதுவுமில்லை.

2

எம்.பி.3 முறை எதனைச் செய்கின்றது என்பதை முதலிற் சுருக்கமாக நோக்குவோம். இறுவட்டில் ஒலியானது நொடிக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 இரும எண்களாக, இரு தடங்களிற் பதியப்படுகின்றது. நொடியொன்றுக்கு ஏறத்தாழ 14 இலட்சம் இரும எண்கள் இதற்கு வேண்டும். எம்.பி.3 முறை அதனை 1,28,000 ஆக, அதாவது பதினொன்றில் ஒரு பங்காகக் குறைத்தும் கேட்போர் பெரும் வேறுபாட்டை உணராதவாறு செய்யவல்லது. மனிதச் செவியின் ஓர் இயல்பே இதனைச் சாத்தியமாக்குகின்றது. உரத்த ஒலியொன்று ஒலிக்கையில், அதனை அடுத்த சுருதியிலுள்ள மெல்லிய ஒலி நமக்குக் கேட்பதில்லை. மேளம் ஓங்கும்போது சுருதிப்பெட்டி மறைந்துபோவதை எவரும் அறிவர். கேளாததைப் பதியவேண்டியதில்லை என்பதே எம்.பி.3இன் அடிப்படை.

செவியின் இவ்வியல்பு ஒரு தனிமனிதராற் கண்டுபிடிக்கப்பட்டதன்று. ஐக்கிய அமெரிக்காவின் தொலைபேசி ஏகபோகமான ஏ.ரி.அன்.ரி. கம்பனியின் ஆய்வாளர்களான வெகலும் லேனும் 1924இல் இதனை முறையாக அளந்து வெளியிட்டனர். பெல் ஆய்வுகூடத்தில் ஹார்வி ஃப்ளெச்சரும் அவர்தம் சகாக்களும் இதனை விரித்தனர். ஒரே கம்பியில் மேலும் பல உரையாடல்களைச் செலுத்தி இலாபம் பெறுவது எங்ஙனம் என்பதே கம்பனியின் அக்கறையாக இருந்தது என்பதை ஜொனதன் ஸ்ரேண் 2012இல் வெளிவந்த தமது ஆய்விற் சிறப்பாக எடுத்துக்காட்டியுள்ளார். போருக்குப் பிந்திய மேற்கு ஜேர்மனியில் எபர்ஹார்ட் சுவிக்கர் செவிப்புலன் பற்றிய அளவீடுகளைப் பல்கலைக்கழக ஆய்வாக வளர்த்தார்.

எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டீற்றர் சைற்சர் 1970களில் தொலைபேசிக் கம்பி வழியே இசையை அனுப்ப விழைந்ததும், அவரது விண்ணப்பத்தை ஆராய்ந்த ஆக்கவுரிமை அதிகாரி அது இயலாத காரியம் என மறுத்ததும் அப்பல்கலைக்கழக வட்டாரத்தில் விரும்பிச் சொல்லப்படும் கதைகள். அம்மறுப்பைப் பொய்ப்பிக்கும் பணி அவருடைய மாணவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க்கிடம் சேர்ந்தது. அவர் 1989இற் கலாநிதிப் பட்ட ஆய்வை நிறைவு செய்து, பின்னர் பெல் ஆய்வுகூடத்தில் ஜேம்ஸ் ஜோன்ஸ்ரனுடன் பணியாற்றினார். ஜோன்ஸ்ரன் அதே திசையில் தனித்து முன்னேறிக்கொண்டிருந்தவர். எர்லாங்கனில் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் பல்கலைக்கழகத்தோடு கைகோத்து, 1987இல் ஐரோப்பிய அரசுகளின் யுரேக்கா திட்டத்தின் கீழ் தொடங்கிய எண்மிய வானொலி ஆய்விற் பங்குகொண்டது. ஃபிரவுன்ஹோஃபர் சங்கம் ஒரு பகுதி அரச நிதியிலும் ஒரு பகுதி ஒப்பந்த ஆய்விலும் இயங்குவது. இலாப நோக்கற்றது எனப் பதிவு செய்யப்பட்டது. பொதுமக்கள் வரிப்பணம் இவ்வாய்வின் தொட்டிலாக இருந்தமை மனங்கொளத்தக்கது.

கேட்டுப் பார்த்தோரின் உழைப்பும் இதிலுண்டு. பிராண்டன்பேர்க், சூசன் வேகா என்னும் பாடகி பக்கவாத்தியமின்றித் தனிக்குரலிற் பாடிய 'டொம்ஸ் டைனர்' என்ற பாடலைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். துணையற்ற குரலில் எந்தக் குறையையும் ஒளிக்க முடியாது. அப்பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டு அவர் தமது முறையைச் செப்பஞ் செய்தார். 1990இலும் 1991இலும் சுவீடன் வானொலி ஸ்ரொக்ஹோமில் நடாத்திய கேட்டற் சோதனைகளிற் பயிற்சி பெற்ற செவியினர் அமர்ந்து, போட்டி முறைகளுக்கிடையே சிறு வேறுபாடுகளையும் தேர்ந்து புள்ளியிட்டனர். பாடகியின் குரலும் அவர்களுடைய செவியும் எந்த ஆக்கவுரிமைப் பத்திரத்திலும் இடம்பெறவில்லை. அவ்வாறு இடம்பெறுதல் சட்டத்தின் வழக்கமுமன்று. சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு எவ்வளவு என்பதை இது உணர்த்தும்.

விஞ்ஞான உழைப்பைப் 'பொது உழைப்பு' என மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் வகைப்படுத்துவார். வாழ்வோரின் கூட்டுறவும் மறைந்தோர் விட்டுச்சென்ற உழைப்பும் அதிற் கலந்திருப்பன என்பது அவர் கருத்து. எம்.பி.3க்கு இதனினும் பொருத்தமான விளக்கத்தைக் காண்பது அரிது. வினா இதுதான்: அறுபதாண்டுக் காலப் பொது உழைப்பின் விளைவு, இருபதாண்டுக் காலத் தனி உடைமையாக மாறியது எவ்வாறு?

3

இவ்விடத்தில் 'மூலதனத்தின்' அதே தொகுதியில் வரும் மற்றோர் எடுத்துக்காட்டை நினைவுகூர வேண்டும். இரு ஆலைகளில் ஒன்று நீராவியாலும் மற்றையது நீர்வீழ்ச்சியாலும் இயங்குகின்றன. நீர்வீழ்ச்சியைப் பயன்படுத்துபவர் நிலக்கரிச் செலவை மீதப்படுத்தி மேலதிக இலாபம் பெறுகின்றார். நீர்வீழ்ச்சியை எவரும் உற்பத்தி செய்யவில்லை. ஆயினும் அது வீழும் நிலத்துக்கு உடைமையாளர் ஒருவர் உளர். மேலதிக இலாபம் வாரமாக அவர் கைக்குப் போய்ச் சேர்கின்றது.

நமது பொருளில் நீர்வீழ்ச்சி செவிக்குள் இருக்கின்றது. கேளாமை என்னும் இயற்கைக் குணம் எல்லா மனிதருக்கும் பொதுவானது. அதனைப் பயன்படுத்தும் உற்பத்தியாளர் நிலக்கரிக்குப் பதிலாக நினைவகத்தை மீதப்படுத்தினார். 1998இல் தென்கொரியாவின் சேஹான் நிறுவனம் வெளியிட்ட எம்.பி.மான் கருவியையும், அதே ஆண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 200 டொலருக்கு விற்பனையான டயமண்ட் றியோ கருவியையும் நோக்குவோம். இரண்டிலும் 32 மெகாபைற் நினைவகமே இருந்தது. இறுவட்டின் ஒலியை அப்படியே பதிந்தால் அதில் மூன்று நிமிடம் அடங்கும். ஒரு பாட்டு முழுமையாக நில்லாது. எம்.பி.3 முறையில் அரைமணி நேரத்துக்கு மேல் அடங்கிற்று. மூன்று நிமிடத்துக்கும் அரைமணிக்கும் இடைப்பட்ட அவ்வேறுபாட்டிற்றான் கருவி ஒரு பண்டமாக விற்பனைக்குரியதாயிற்று. அவ்வேறுபாட்டிலிருந்தே 75 சதமும் கறக்கப்பட்டது. இதனை வேற்றுமை வாரம் என்று துணிந்து கூறலாம்.

வாரம் பெறுவதற்கு நிலத்தில் வேலி வேண்டும். வேலியை எங்கே இடுவது என்பது எளிதான கேள்வியன்று. இதற்கு ஒலிக்கருவித் தொழிலில் முன்னுதாரணங்கள் இருந்தன. 1919இல் நிறுவப்பட்ட ஆர்.சி.ஏ. நிறுவனம் வானொலி ஆக்கவுரிமைகளை ஒரே கூடையிற் சேர்த்துக்கொண்டு, 1927 தொடக்கம் பிற உற்பத்தியாளர்களிடம் விற்பனை விலையில் நூற்றுக்கு ஏழரை வீதம் அறவிட்டது. ஆக்கவுரிமையோடு எவ்விதத் தொடர்புமில்லாத மரப்பெட்டியின் விலையும் அக்கணக்கிற் சேர்க்கப்பட்டது. தச்சனின் உழைப்புக்கும் ஆர்.சி.ஏ. வாரம் வாங்கிற்று!

இதனினும் நுட்பமான வழியை வகுத்தவர் ரே டொல்பி. லண்டனில் 1965இல் நிறுவனம் தொடங்கி, 1968இல் வீட்டுக் கருவிகளுக்கான இரைச்சற் குறைப்பு முறையை வெளியிட்டார். ஒலிநாடாப் பேழையை உருவாக்கிய பிலிப்ஸ் நிறுவனம் அதன் உரிமத்தைப் பிறருக்கு இலவசமாகவே வழங்கி, தன் வடிவத்தை உலக நியமமாக்கிக்கொண்டிருந்தது. பேழை இலவசம், பேழையின் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலை அடக்குவதற்குக் கட்டணம். டொல்பி சில்லு உற்பத்தியாளர்களுக்கு ஒரு வகை உரிமமும், கருவி உற்பத்தியாளர்களுக்கு வேறொரு வகை உரிமமும் வழங்கினார். சில்லு செய்பவர் பெயரளவிலான கட்டணத்தோடு தப்பித்துக்கொள்வார். அச்சில்லை வாங்கிக் கருவியிற் பொருத்தி விற்பவரே கருவிக்கு இவ்வளவென்று செலுத்தவேண்டும். முத்திரையாகிய இரட்டை 'டீ' எழுத்தைக் கருவியின் முகத்திற் பொறிக்கும் உரிமையும் இதனோடு சேர்ந்தே வந்தது. சில்லு சுங்கச்சாவடியாயிற்று, சுங்கமோ சாவடிக்கு அப்பால், பண்டம் சந்தையைத் தொடும் இடத்தில் அறவிடப்பட்டது. சில்லுக்காரர் சிலராகவும் கண்காணிப்புக்கு எளிதாகவும் இருந்தமையே இவ்வேற்பாட்டின் பலம்.

எம்.பி.3இன் கதையில் இச்சாவடி தொடக்கத்தில் இருக்கவில்லை. சர்வதேச நியம நிறுவனத்தின் கீழ் 1988இற் கூடிய எம்பெக் குழு, ஸ்ரொக்ஹோம் சோதனைகளின் பின் ஒரு சமரசத்துக்கு வந்தது. 1992இல் முடிவாகி 1993இல் வெளியிடப்பட்ட நியமத்தில் மூன்று அடுக்குகள் இருந்தன. முதலடுக்கு எளிமையானது, பிலிப்ஸின் எண்மிய ஒலிநாடாவுக்கு அதன் வடிவமொன்று பயன்பட்டது. இரண்டாமடுக்கு பிலிப்ஸும், ஜேர்மன் பொது ஒலிபரப்பாளர்களின் ஆய்வுக்கூடமும், பிரெஞ்சு ஆய்வாளரும் முன்வைத்த முறையிலிருந்து பிறந்தது. மூன்றாமடுக்கே எர்லாங்கன், பெல், தொம்சன் ஆகியோரின் ஆக்கம். பின்னாளில் எம்.பி.3 எனப்பட்டது இதுவே. கோப்புப் பெயருக்கான அவ்வீறு 1995 ஜூலை 14இற்றான் முடிவு செய்யப்பட்டது.

மூன்றாமடுக்கு மிகச் சிக்கலானது, மலிவான சில்லில் அடங்காது என்பதே அன்றைய கைத்தொழிலாரின் தீர்ப்பு. எண்மிய வானொலியும் காணொளித் தட்டும் இரண்டாமடுக்கை எடுத்துக்கொண்டன. வென்ற வடிவத்தைப் பற்றி எழுதுவோர் இத்தோல்வியை ஒரு சுவையான இடறலாக மாத்திரம் குறிப்பிடுவர். நம் நோக்கில் இது முக்கியமானது. 'சிக்கல்' என்பது கணித நூலின் சொல்லன்று; குறிப்பிட்ட ஆண்டில் ஒரு சதுர மில்லிமீற்றர் சிலிக்கனின் விலையைக் குறிக்கும் சொல். உற்பத்திச் சக்திகள் அவ்விலையை ஆண்டுதோறும் வீழ்த்திக்கொண்டிருந்தன. ஜேர்மனியில் மைக்ரோனாஸ் செய்த குறிநீக்கிச் சில்லு றியோ கருவியில் இடம்பெற்றபோது பழைய தீர்ப்பு காலாவதியாகிவிட்டது.

அதற்கு முன் ஃபிரவுன்ஹோஃபர் மென்பொருளை விற்றுப் பார்த்தது. ஒலியைச் சுருக்கும் நிரலை 1994இற் கட்டணத்தோடு வெளியிட்டது. பிராண்டன்பேர்க் பின்னர் கூறியுள்ளபடி, அவுஸ்திரேலியாவிலிருந்த மாணவர் ஒருவர் திருடப்பட்ட கடனட்டையொன்றால் அதனை வாங்கி, சிறிது மாற்றி, ஃபிரவுன்ஹோஃபருக்கு நன்றியும் கூறி உலகுக்கு வழங்கிவிட்டார். மென்பொருளுக்கு வேலி இடுவது எவ்வளவு கடினம் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. இரண்டாவது பிரதியின் உற்பத்திச் செலவு பூச்சியத்தை அண்மிய பண்டத்துக்குச் சுங்கம் அறவிடுவது எங்ஙனம்? எண்ணக்கூடிய, துறைமுகத்தில் இறங்கக்கூடிய, பெட்டியில் அடைத்து விற்கக்கூடிய பொருள் ஒன்று வேண்டும். கருவி அத்தகைய பொருள். ஆகவே உரிமத்தின் ஈர்ப்புமையம் கணினியிலிருந்து கருவியை நோக்கி நகர்ந்தது.

அறவிடும் பணி தொம்சனிடம் ஒப்படைக்கப்பட்டது. வரலாற்றின் முரண்நகை இங்கு உச்சமடைகின்றது. பிரான்சில் மித்தெரான் தலைமையிலான இடதுசாரி அரசாங்கம் 1982இல் தேசியமயமாக்கிய கம்பனிகளில் தொம்சனும் ஒன்று. அது 1983இல் ஜேர்மனியின் டெலிஃபுங்கன் நுகர்பொருட் பிரிவையும், 1987இல் நாம் மேலே கண்ட அதே ஆர்.சி.ஏ.யின் வானொலி, தொலைக்காட்சித் தொழிலையும் வாங்கிற்று. கடன் சுமையில் அமிழ்ந்திருந்த தொம்சன் மல்ரிமீடியாவை 1996இல் வலதுசாரி அரசாங்கம் தென்கொரிய டேவூ நிறுவனத்துக்கு ஒரு பிராங் விலைக்குக் கைமாற்ற முயன்றது. எதிர்ப்பினால் அம்முயற்சி கைவிடப்பட்டது. ஒரு பிராங் மதிப்பிடப்பட்ட அக்கம்பனியின் பெட்டியினுள் எம்.பி.3 உரிமைகளும் இருந்தன. தேசியமயமாக்கிய உற்பத்திச் சாதனம் ஓராண்டோ ஈராண்டோ கழித்து உலகெங்கும் வாரம் பெறும் உடைமையாகத் தொழிற்பட்டது. உடைமையாளர் அரசு என்பதால் மட்டும் உற்பத்தி உறவு மாறிவிடுவதில்லை என்பதற்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை.

4

கட்டண அட்டவணையை ஒரு பிரதியாகக் கொண்டு வாசித்தல் பயனுடையது. மீட்டொலிக்கும் கருவிக்கு 75 சதம். கணினியில் ஒலியைச் சுருக்கும் மென்பொருளுக்குப் பிரதியொன்றுக்கு 2 டொலர் 50 சதம். எம்.பி.3 வடிவில் இசையை விற்கும் வணிகத்துக்கு வருமானத்தில் நூற்றுக்கு இரண்டு. தனிப்பட்ட, வணிக நோக்கற்ற பயனுக்கு உரிமம் வேண்டியதில்லை. தாராள மனம் படைத்த ஏற்பாடாக இது தோன்றும். ஆயின் கடைசி வரியில் ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 15,000 டொலர் என்றிருந்தது. ஆண்டுக்கு 20,000 கருவி செய்பவருக்கு அவ்விதி பொருட்டன்று. 75 சதம் வீதம் அதே தொகை வரும். 5,000 கருவி செய்யும் சிறு பட்டறைக்கோ கருவிக்கு மூன்று டொலர். சர்வதேச நியமங்களில் அடங்கும் ஆக்கவுரிமைகள் நியாயமாகவும் பாரபட்சமின்றியும் வழங்கப்படல்வேண்டும் என்பது நியம நிறுவனத்தின் விதி. ஒரே விதி எல்லோருக்கும். சுமை மட்டும் சிறியோருக்கு நான்கு மடங்கு.

கட்டிய வேலியும் ஒன்றல்ல. மூன்றாமடுக்கு, சமரசத்தின் விளைவாக, இரண்டாமடுக்கின் சில உறுப்புகளைத் தன்னுள் ஏற்றிருந்தது. ஆகையால் பிலிப்ஸ் முதலியோரின் ஆக்கவுரிமைகளுக்கு இத்தாலிய நிறுவனமான சிஸ்வெல் தனியாகக் கட்டணம் கோரிற்று. 2006 செப்ரெம்பரில் பேர்லின் நுகர்பொருட் கண்காட்சியில் சான்டிஸ்க் நிறுவனம் காட்சிக்கு வைத்த எம்.பி.3 கருவிகளை நீதிமன்ற ஆணையுடன் அதிகாரிகள் அள்ளிச் சென்றனர். தொம்சனுக்குச் செலுத்தியவர் மற்றொரு வாயிலில் மறிக்கப்பட்டார். மூன்றாவது வாயிலும் திறந்தது. பெல் ஆய்வுகூடத்தின் வாரிசான அல்காரெல்–லூசென்ற், மைக்ரோசொஃப்ற் மீது தொடுத்த வழக்கில் 2007 பெப்ரவரியில் சான்டியாகோ யூரர்கள் 1.52 பில்லியன் டொலர் நட்டஈடு விதித்தனர். ஆறு மாதத்துக்குள் நீதிபதி அத்தீர்ப்பைத் தள்ளிவைத்தார். மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2008இல் அதனை உறுதிப்படுத்திற்று. மைக்ரோசொஃப்ற் முன்னரே ஃபிரவுன்ஹோஃபருக்கு 16 மில்லியன் டொலர் செலுத்தியிருந்தது. 16 மில்லியனுக்கும் 1,520 மில்லியனுக்கும் உள்ள தூரத்தை எந்த உழைப்பின் அளவாலும் விளக்க முடியாது. வாரத்தின் அளவை உழைப்பு நிர்ணயிப்பதில்லை, வேலியின் பலமே நிர்ணயிக்கின்றது என்பதை இவ்வழக்கு வெளிச்சமாக்குகின்றது.

இக்காலத்தில் ஊடகங்களின் கவனம் வேறிடத்தில் இருந்தது. அமெரிக்க ஒலிப்பதிவுக் கைத்தொழிற் சங்கம் 1998 ஒக்ரோபரில் றியோ கருவிக்கெதிராகத் தொடுத்த வழக்கும், 1999 ஜூனில் அதன் தோல்வியும், நப்ஸ்ரர் பற்றிய ஆரவாரமும் பாடலின் உடைமை பற்றிய போராட்டங்கள். தட்டுக் கம்பனிகள் தோற்றாலும் வென்றாலும், விற்பனையாகும் ஒவ்வொரு கருவியிலும் எழுபத்தைந்து சதம் ஓசையின்றிச் சேர்ந்துகொண்டிருந்தது. பாட்டைத் திருடியவரும் பாட்டை வாங்கியவரும் இவ்விடயத்தில் சரிநிகர்.

நம்மவரும் இவ்வலையிற் சேர்ந்தோரே. நூற்றுக்கு மேற்பட்ட திரைப்பாடல்களை ஒரே தட்டில் அடக்கிய எம்.பி.3 இறுவட்டுகளைக் கேளாத தமிழ் வீடு அக்காலத்தில் அரிது. இன்னொரு தொடர்பு அவ்வளவாக அறியப்படாதது. எதியோப்பியாவிற் பிறந்த நோவா சமாரா நிறுவிய வேர்ள்ட்ஸ்பேஸ் என்ற செய்மதி வானொலி, 1998இல் ஆபிரிக்காவுக்கும் 2000இல் ஆசியாவுக்கும் செய்மதி ஏவி, மூன்றாமடுக்கு முறையிலேயே ஒலிபரப்பிற்று. கே.எல். றேடியோ என்னும் தமிழ்ச் சேவையும் அதில் இருந்தது. வறிய நாடுகளுக்கு அறிவைக் கொண்டு செல்வதாக முழங்கிய இத்திட்டம் தனிச் சில்லும் தனி வானொலிப் பெட்டியும் சந்தாவும் கோரிற்று. 2008இல் நிறுவனம் கடனிறுக்க இயலாது நீதிமன்றஞ் சென்றது. 2009 முடிவோடு இந்தியச் சேவை அடங்கிற்று. வாங்கியவர்களிடம் எஞ்சியது, வேறெந்த அலையையும் அப்பெட்டியால் அவ்வாறு படிக்க முடியாது என்ற அறிவு.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. 1998 செப்ரெம்பரில் ஃபிரவுன்ஹோஃபர், இலவசக் குறியாக்க நிரல்களை எழுதியோருக்கு உரிமம் பெறுமாறு கடிதம் அனுப்பிற்று. அவர்களுட் பலர், நியம நிறுவனம் விளக்கத்துக்காக வெளியிட்ட மூலநிரலைத் திருத்தி எழுதிய மாணவர்களும் தனியாட்களுமே. அக்கடிதத்தின் விளைவு எதிர்பாராதது. கிறிஸ் மொன்ற்கொமெரி ஆக்கவுரிமைத் தளையற்ற ஒக் வோர்பிஸ் முறையை உருவாக்க முற்பட்டார். அதன் முதற் பதிப்பு 2002 ஜூலையில் நிறைவுற்றது. அதே 1998இற் பிறந்த லேம் என்ற நிரல், தான் ஓர் எம்.பி.3 குறியாக்கி அல்ல என்று பொருள்படும் சொற்றொடரைத் தன் பெயராகச் சூடி, மூலநிரலாக மட்டும், கல்விப் பயனுக்கென வெளியிடப்பட்டது. சட்டத்தின் முன் தன்னையே மறுத்துரைக்கும் இப்பெயர், தணிக்கைக் காலங்களில் எழுத்தாளர் கையாண்ட மறைமொழி உத்தியை ஒத்தது. இலக்கிய மாணவர்கள் இதனைக் கண்டு புன்னகைக்காதிருக்க முடியாது. லேம் நாளடைவில் எர்லாங்கனின் சொந்த நிரலோடு தரத்திற் போட்டியிட்டது. கூட்டுழைப்பின் இவ்வெற்றி முழுமையானதன்று. வோர்பிஸைப் படிக்கவல்ல சில்லுகள் சிலவே வந்தன. கருவி உற்பத்தியாளர் மக்களிடம் ஏற்கெனவே குவிந்திருந்த கோப்புகளைப் படிக்கும் சில்லையே விரும்பினர்.

இவ்விடத்திற்றான் வாரத்தின் தன்மை மாறியது என்று நாம் கருதுகின்றோம். 2005இல் வெளியான ஐபொட் நானோ கருவியில் 4 கிகாபைற் நினைவகம் இருந்தது. எவ்விதச் சுருக்கமுமின்றியே அதில் ஆறு மணி நேர இசை அடங்கும். நினைவகம் மலிய மலிய நீர்வீழ்ச்சியின் உயரம் குறைந்தது. வேற்றுமை வாரத்தின் அடிப்படை தேய்ந்தது. ஆயினும் ஃபிரவுன்ஹோஃபர் சங்கம் அவ்வாண்டிற் பெற்ற எம்.பி.3 வருவாய் ஏறத்தாழ 10 கோடி யூரோ எனக் கணிக்கப்பட்டது. மீதப்படுத்திய நினைவகம் இப்பெருக்கை விளக்காது. கோடிக்கணக்கானோர் தம் மாலைப்பொழுதுகளைச் செலவிட்டுத் தம்மிடமிருந்த தட்டுகளை இவ்வடிவுக்கு மாற்றிச் சேர்த்த கோப்புகளே அவ்வாண்டுகளில் ஏகபோகத்தின் நிலம். கேட்போரின் கூலியற்ற உழைப்பு அந்நிலத்தைப் பண்படுத்தியது. வேற்றுமை வாரம் ஏகபோக வாரமாயிற்று.

இதனால் எர்லாங்கன் ஆய்வாளரை ஒட்டுண்ணிகள் எனத் தூற்றுவது எமது நோக்கமன்று. அவர்கள் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தோர். ஜேர்மனியின் 1957ஆம் ஆண்டு ஊழியர் கண்டுபிடிப்புச் சட்டம், ஊழியரின் கண்டுபிடிப்புக்கு ஊதியத்துக்கு மேலான பங்கொன்றை உறுதி செய்கின்றது. பல நாடுகளின் ஆய்வாளருக்கு இல்லாத பாதுகாப்பு அது. கிடைத்த வாரத்தின் பெரும்பகுதி மேலும் ஆய்வுக்கே சென்றது என்பதும் உண்மை. ஆயின் எவ்வாய்வு என்று கேட்டல் வேண்டும். 1997இல் நியமமான ஏ.ஏ.சி. என்ற அடுத்த முறை அவற்றுள் ஒன்று. அதற்கென அமைந்த உரிமத் தொகுதியின் அட்டவணையில் முதல் 5,00,000 கருவிகளுக்குத் தலா 98 சதம், தொகை பெருகப் பெருகக் குறைவு என்றிருந்தது. வேலியின் தச்சுவேலை மேலும் செம்மையுற்றிருந்தது: இங்கும் பெரியோருக்கே சலுகை.

2002இல் உரிம நிபந்தனைகளின் சொற்கள் மாற்றப்பட்டபோது றெட்ஹட் நிறுவனம் தன் லினக்ஸ் தொகுப்பிலிருந்து எம்.பி.3 வசதியை நீக்கிக்கொண்டது. ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் அத்தொகுப்பையும் அதன் வழித்தோன்றலான ஃபெடோராவையும் நிறுவியோர், பாட்டுக் கேட்பதற்கு வேறிடத்திலிருந்து நிரலைத் தேடி எடுத்துப் பொருத்தவேண்டியிருந்தது. தொம்சனின் புதுப் பெயரான ரெக்னிக்கலர், 2017 ஏப்ரல் 23இல் எம்.பி.3 உரிமத் திட்டத்தை முடித்துக்கொண்டது. கடைசி ஆக்கவுரிமைகள் காலாவதியாகிவிட்டன. செய்தித்தாள்கள் எம்.பி.3 இறந்துவிட்டது என எழுதின. அடுத்த மாதமே ஃபெடோரா, லேம் நிரலைத் தன் தொகுப்பினுள் வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டது.